பெறுபவர் பற்று

தறியைக் கிலோ கணக்கில் நிறுத்து விற்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். 2013-ஆம் வருஷம், கருமத்தம்பட்டியில்.

தறி ஓட்டிக் கட்டுப்படியாகாமல், சிலர் விசைத்தறியையே பழைய இரும்புக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பற்றி எழுதுவதற்காகப் போயிருந்தேன். கோயமுத்தூரிலிருந்து அவிநாசி ரோட்டில் போனால், அன்னூர் ரோடும் சோமனூர் ரோடும் வந்து சேர்கிற இடம். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பழைய இரும்புக் கடை. வாசலில் தறியின் வார்ப்பிரும்புச் சட்டங்கள் குவிந்து கிடந்தன. இருபது, முப்பது வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட சாமான். தராசில் ஏற்றினால் வெறும் இரும்பு.

கடைக்காரர் என்னைவிடச் சின்னவர். பேசிக்கொண்டே மூலையில் கிடந்த ஒரு சாக்கைக் காட்டினார்.

“இதை எதுல சேத்தறதுன்னே தெரியலீங்ண்ணா. இரும்பும் இல்ல, பித்தளையும் இல்ல. பிளாஸ்டிக்குன்னு பாத்தா, தட்டுனா ஒடையுது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

பிரித்துப் பார்த்தேன். கிராமபோன் தட்டுகள். 14 இருந்தன. இரண்டுக்கு விளிம்பு உடைந்திருந்தது. பெரும்பாலும் பழைய சினிமாப் பாட்டு. ஒன்று மட்டும் நாடகப் பாட்டு. லேபிள் பாதி தேய்ந்து, பாடியவர் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. 200 ரூபாய் கொடுத்தேன். சாக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு லாபம், எனக்கும் லாபம். வியாபாரம் என்றால் அதுதானே?

அந்த 200 ரூபாயில் நான் என்ன வாங்கினேன் என்பது எனக்குப் புரிய 11 மாதமானது. அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

*

கடைக்காரரின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின்தான் அரக்கு. வளையல் செய்வார்களே, மேஜை நாற்காலிக்கு மெருகு போடுவார்களே, அதே சரக்கு. அதோடு கல்மாவும் கரியும் கலந்து சூடாக்கி அழுத்தினால் தட்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம் பாடும். கை தவறினால் அப்பளம்தான். இன்றைக்கு இளவட்டங்கள் தேடி வாங்குகிற வினைல் தட்டு அதற்குத் தம்பி. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948-இல் கொண்டுவந்த லாங் பிளே ரகம் அது. அதற்கு என்ன மவுசு என்றால், 2022-இல் அமெரிக்காவில் சிடியைவிட வினைல் தட்டு எண்ணிக்கையில் அதிகமாக விற்றது. 1987-க்குப் பிறகு முதல் தடவை! அண்ணனுக்கோ விலை சொல்லவே ஆள் குறைவு. ஆனால் வாங்குகிறவன் வெறி பிடித்தவனாக இருப்பான்.

1902-இல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஆள் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லுவார். பெருமைக்காக அல்ல. பதிவானதெல்லாம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்த்தான் தட்டாகும். அங்கே லேபிள் ஒட்டுகிறவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே! 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது.

நம் பக்கம் 1920களிலும் 30களிலும் நாடகப் பாட்டுத் தட்டுகளுக்குத்தான் கிராக்கி. சினிமா பேச ஆரம்பிப்பதற்கு முன்னும், ஆரம்பித்த புதிதிலுமான காலம். வள்ளி திருமணமும் கோவலன் நாடகமும் ஊர் ஊராக விடிய விடிய நடந்தன. அந்தப் பாட்டைத் தட்டில் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. ஏவி.மெய்யப்பன் சினிமாவுக்கு வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி விற்றது இதே தட்டுகளைத்தான். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளின் குரல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததும் நாடகத்தாலும் தட்டாலும். கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல், 27 வயதில் இறந்துபோனார். அந்தக் குரலும் தட்டுகளில்தான் மிஞ்சியது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கன்ட்ரி மியூசிக் என்கிறார்களே, அது நம் நாட்டுப்பாட்டுக்குப் பங்காளி முறை. 1923-இல் ஜான் கார்ஸன் என்ற பிடில்காரரை அட்லாண்டாவில் பதிவு செய்த ரால்ப் பீருக்கு அந்தப் பாட்டு சுத்தமாகப் பிடிக்கவில்லை. 500 தட்டு மட்டும் போட்டுக் கொடுத்தார். அத்தனையும் விற்றுப்போய், இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். பட்டிக்காட்டுப் பாட்டிலும் காசு இருக்கிறது என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

காசு இருந்ததால்தான் பதிவு செய்தார்கள். காசு தீர்ந்ததும் மறந்தார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு இது புரிகிறது. விற்காத சரக்கைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவதுதான் முறை.

ஆனால், கழித்துவிட்ட சரக்கில் ஒரு மனுஷன் பாடிக்கொண்டிருந்தால்?

*

எங்கள் கோயமுத்தூரின் பெயரையே தன் பெயராக வைத்திருந்த ஒரு பாடகி உண்டு. கோயமுத்தூர் தாயி. இயற்பெயர் பழனிக்குஞ்சரம். 1872-இல் பிறந்து, 1917-இல் மறைந்தவர். கிராமபோன் வந்த புதிதில் நிறையத் தட்டுகள் கொடுத்தார். மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912 வாக்கில் இந்தியா வந்தவர். அவர் தாயியின் தட்டு ஒன்றில் மயங்கி, அதைக் கேட்டுக் கேட்டு ‘ராகமாலிகா’ என்று ஒரு பியானோ உருப்படி எழுதினார். மிருதங்கச் சத்தம் மாதிரி வரவேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகச் சொல்லியிருக்கிறார்!

பாரிஸில் ஒருவர் இந்த அம்மாளின் குரலுக்காகப் பியானோவில் அட்டை செருகிக்கொண்டிருந்தார். கோயமுத்தூரிலேயே படித்து வளர்ந்த எனக்கு, முப்பது வயது வரைக்கும் இப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரில் நாலு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் “எந்தத் தாயி?” என்றார்கள். நாலாவது ஆள்தான் நண்பர்.

நண்பர் என்றால், தட்டு சேர்க்கிறவர். 3,000-க்கு மேல் வைத்திருக்கிறார். வீட்டில் ஒரு அறை முழுக்க அலமாரி. வெயில் படாது. அரக்குத் தட்டைப் படுக்கப் போட்டு அடுக்கினால் வளையும் என்பதால் எல்லாம் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் உறை, உறையில் நம்பர், நம்பருக்கு நோட்டு. அவருடைய கல்யாண ஆல்பம் எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரம்மாவைத்தான் கூப்பிடுவார்.

என் சாக்கை அவரிடம் கொண்டுபோனேன். சினிமாத் தட்டுகளைப் பார்த்து “ம்” என்றார். நாடகப் பாட்டை எடுத்ததும் எழுந்து ஜன்னல் ஓரம் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்கிட்ட இல்லீங்க. யார்கிட்டயும் இருக்கறதாத் தெரியல. 8,000 தர்றேன், குடுத்துட்டுப் போங்க.”

இந்த இடத்தில் எனக்கு என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அதுவரைக்கும் அது ஒரு பழைய பிளேட். அந்த நிமிஷத்திலிருந்து அது ‘என்னுடையது’. பாட்டை நான் இன்னும் கேட்கவே இல்லை. கேட்க என்னிடம் பெட்டியும் இல்லை. யாரிடமும் இல்லை என்று ஒருத்தர் சொன்னதே போதுமாக இருந்தது. கொடுக்க முடியாது என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அப்படின்னா ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. யாரு கேட்டாலும் காப்பி எடுக்க விடாதீங்க. நாளைக்கு ஒருத்தன் கம்ப்யூட்டர்ல ஏத்திவிட்டான்னா, அப்புறம் இது வெறும் அரக்கு” என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. சரக்கு குறைந்தால் விலை ஏறும். முதல் வருஷப் பொருளாதாரம்.

*

ரெண்டு மாதம் கழித்து இரும்புக் கடைக்காரர் போன் செய்தார்.

“அண்ணா, அந்த பிளேட்டு விஷயமா ஒரு அம்மா கடைக்கு வந்து உக்காந்திருக்குது. ஊட்டுல மருமக தெரியாமப் போட்டுட்டாங்களாமா. கொஞ்சம் பேசுங்க.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திருப்பிக் கேட்பார்களோ? “ஆபீஸ்ல இருக்கேன், நேர்ல வர்றேன்” என்றேன். ஒரு வாரம் கழித்துத்தான் போனேன்.

அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தறிக் குடோனில் நாற்பது வருஷம் வேலை. கொஞ்சம் சத்தமாகப் பேசினால்தான் கேட்டது. தறிச் சத்தத்திலேயே ஆயுசைக் கழித்தவர்களுக்கு இந்தப் பக்கம் அது சகஜம். சினிமாத் தட்டெல்லாம் அவருடைய அண்ணன் மைக் செட் வைத்திருந்தபோது வாங்கியவை. கல்யாணம், காதுகுத்து என்று ரெக்கார்டு போடப் போவாராம். நாடகத் தட்டு அப்படி இல்லை.

“அது எங்கய்யன் காலத்துதுங் தம்பி. பாட்டுப் படிச்சது வேற ஆளு. அதுல பொட்டி வாசிக்கறது எங்கய்யனுங்.”

அய்யன் என்றால் இந்தப் பக்கம் அப்பா. பொட்டி என்றால் ஆர்மோனியப் பெட்டி. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். பதிவுக்குப் பாடகரோடு கூடப் போனவர். அவருக்கு ஒரு தட்டு கொடுத்தார்களாம். லேபிளில் பாடியவர் பெயர் இருக்கிறது. பொட்டி வாசித்தவர் பெயர் இல்லை. அந்தக் காலத்துத் தட்டுகள் பலவற்றிலும் அப்படித்தான். கௌஹர் ஜான் மாதிரி கடைசியில் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள ஆர்மோனியக்காரருக்கு யார் வாய்ப்பு கொடுத்தார்கள்?

நான் தயங்கி நிற்பதைப் பார்த்து அவரே சொன்னார்: “குடுக்கோணும்னு கேக்கலீங் தம்பி. காசு குடுத்து வாங்கீட்டீங்க. உங்குளுது. ஒருக்கா கேட்டாப் போதும். கேட்டு அம்பது வருசம் ஆச்சு. எங்கண்ணனோட பொட்டி ரிப்பேராப் போனதோட செரி.”

“கட்டாயம் கொண்டுவர்றேங்கம்மா. அடுத்த வாரம்” என்றேன்.

நம் ஊரில் ‘அடுத்த வாரம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். என்னிடம் பெட்டி இல்லை, அது ஒரு காரணம். நண்பரிடம் சாவி கொடுத்துச் சுற்றுகிற சூட்கேஸ் மாடல் கிராமபோன் இருந்தது. கேட்க வேண்டும், அது ஒன்று. பிறகு 2014 பாராளுமன்றத் தேர்தல் வந்தது. நிருபருக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஆனால் உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை. அந்த மாடலில் இரும்பு ஊசி. ஒவ்வொரு தடவை போடும்போதும் ஊசி, தட்டின் கோட்டைக் கொஞ்சம் அராவிவிடும். போடப் போடப் பாட்டு தேயும். 8,000 ரூபாய்த் தட்டைத் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை.

11 மாதம்.

கடைசியில் போனேன். நண்பர் பெட்டியைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: “புது ஊசி ஒண்ணுதான். ஒரே தடவை.” சாவி கொடுத்து, ஊசி மாட்டி, தட்டைச் சுற்றவிட்டேன். முதலில் எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரி சத்தம். அதற்குள்ளிருந்து ஆர்மோனியம் எழுந்து வந்தது. கும்மி மெட்டு. எதிர்பார்க்காத வேகம். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் பொட்டி குறுக்கே புகுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. குறும்புக்கார மனுஷனாக இருந்திருக்க வேண்டும். எனக்கே முதுகு சிலிர்த்தது.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது.

“போடுங் தம்பி” என்றார்.

மருமகள் மெதுவாகச் சொன்னார்: “அத்தைக்கு இந்த ஆறு மாசமாச் சுத்தமாக் காது கேக்கறதில்லீங்ணா. கிட்ட வெச்சு இன்னொருக்கா போடுங்க.”

நான் உடனே போடவில்லை. ஒரு அஞ்சு செகண்ட். அந்த அஞ்சு செகண்டில் நான் யோசித்தது அந்த அம்மாவை அல்ல. தேய்ந்த ஊசியை. தட்டை. நண்பர் சொன்ன ‘ஒரே தடவை’யை. கேட்காத காதுக்காக இன்னொரு தடவை தேய்ப்பதா என்று என் மனசு கணக்குப் போட்டது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் போட்டது.

பிறகு போட்டேன். பெட்டியை அவர் மடி அருகில் வைத்து, அதே ஊசியில் நாலு தடவை போட்டேன். அவர் பெட்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டார். “பொட்டி வருதா?” என்று மருமகளைக் கேட்டார். மருமகள் காதருகே குனிந்து, “வருதுங்கத்தை, நல்லா வருது” என்று கத்தினார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அழவில்லை. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

*

பி.காம். முதல் வருஷத்தில் கணக்குப் பதிவியலின் பொன்விதிகள் என்று மூன்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆள்சார் கணக்குக்கு உள்ள விதி: பெறுபவர் பற்று, தருபவர் வரவு. அதாவது, யார் வாங்கிக்கொள்கிறாரோ அவர் பெயரில் கடன் எழுது. யார் கொடுத்தாரோ அவர் பெயரில் வரவு வை. பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்துபோன விதி. கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஞாபகம் வந்தது.

கடைக்காரருக்கு 200 ரூபாய் கொடுத்தேன். அவர் கணக்கு நேர். ஆனால் அந்தத் தட்டில் எனக்குக் கொடுத்தவர் கடைக்காரர் மட்டும்தானா? மூச்சு வாங்கும் இடத்தில் குறுக்கே புகுந்து வாசித்த அந்த மனுஷன்? உடைக்காமல் எண்பது வருஷம் வைத்திருந்த குடும்பம்? என்னை நான் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விதிப்படி பார்த்தால் நான் கடன்காரன்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? நம் நாட்டில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளியானதற்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம். பாட்டு எழுதியவரின் உரிமை தனிக் கணக்கு. 1930களில் வெளிவந்த தட்டென்றால், அதன் ஒலிப்பதிவு உரிமை 1990களிலேயே முடிந்துவிட்டது. அந்த ஒலி இப்போது பொதுச் சொத்து. உங்களுக்கும் சொந்தம், எனக்கும் சொந்தம். ஆனால் மிச்சம் இருக்கிற ஒரே தட்டு ஒருத்தர் அலமாரியில் பூட்டிக் கிடந்தால்? உரிமை ஊருக்கு, சாவி ஒருத்தருக்கு. கிணறு பொது, கயிறு மட்டும் என்னுடையது என்கிற மாதிரி.

இதை நண்பரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

“நல்லாப் பேசறீங்க. இந்த 3,000 தட்டை நான் பொறுக்கலைன்னா இன்னேரம் எங்க இருக்கும்? கம்பெனிக்காரன் வெச்சிருந்தானா? கவர்மென்ட்டு வெச்சிருந்துச்சா? பாடுனவங்க குடும்பமே எடைக்குப் போட்டுச்சு. கேசட் வந்தப்ப ஜனங்க இதுல தட்டு பண்ணிப் பூந்தொட்டிக்கு அடியில வெச்சாங்க. நான் ஒருத்தன் வெறி புடிச்சு அலைஞ்சதாலதான் இது இருக்குது. அந்த வெறிக்கு நான் அனுபவிக்கற சந்தோஷம், ‘எங்கிட்ட மட்டும்தான் இருக்கு’ங்கறது. அதையும் புடுங்கிட்டா எவன் பொறுக்குவான்?”

இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முழுசாகச் சொல்ல முடியாது. உண்மைதான். பழைய தட்டுகளின் சரித்திரத்தைக் காப்பாற்றியது பெரும்பாலும் தனி மனிதர்களின் பைத்தியம். சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1990-இல் மும்பையில் தட்டு சேர்ப்பவர்கள் ஒன்றுகூடி இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் ஆரம்பித்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் ஊரில் இருந்தபடியே புத்தகமும் நோட்டீஸுமாகச் சேர்த்தவை, அவர் 1992-இல் காலமான பிறகு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. ஆசை இல்லாதவன் எதையும் காப்பாற்றுவதில்லை. வாசலில் போகிற பழைய பேப்பர்காரரை நிறுத்திச் சாக்கை அவிழ்க்கச் சொல்ல ஒரு பேராசை வேண்டும்தான்.

ஆனால் ஆசை எங்கே போய் முடிகிறது என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்று ஒரு கூலி விவசாயி. 1928-இல் சில தட்டுகளுக்குப் பாடினார். சரியாக விற்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பழையபடி வயல் வேலைக்குப் போய்விட்டார். 1952-இல் ஹாரி ஸ்மித் என்ற தட்டுப் பைத்தியம், தான் சேர்த்ததிலிருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கித் தொகுப்பாக வெளியிட்டார். அதில் ஹர்ட் பாட்டும் இரண்டு. கேட்டவர்களுக்குப் பாடியவர் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாது. 1963-இல் ஒரு சேகரிப்பாளர், ஹர்ட்டின் பழைய பாட்டு ஒன்றில் வருகிற ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனார். அதே ஊரில், எழுபது வயதில், ஹர்ட் இருந்தார்! அந்த வருஷமே நியூபோர்ட் விழா மேடையில் பாடினார். 1966-இல் இறந்துபோனார். மூன்று வருஷம்தான். ஆனால் அந்த மூன்று வருஷம், ஒரு தட்டு சேர்க்கிறவர் தட்டோடு நிற்காமல் ஆளையும் தேடிப் போனதால் வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் 1965-இல் நம் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் உட்கார்ந்து, அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாக 18 ராத்திரி பாடக் கேட்டு டேப்பில் பதிவு செய்தார். தட்டின் மூன்று நிமிஷத்துக்குள் அடங்காத பாட்டு. நினைத்திருந்தால் ஒரு பல்கலைக்கழக அலமாரியில் வைத்துப் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாக்கினார். பிற்பாடு குழந்தைகள் பார்க்கிற மாதிரி 26 பாக கார்ட்டூனாகவும் ஆக்கினார். பொன்னரும் சங்கரும் வாங்கின இடத்துக்கே திரும்பி வந்தார்கள். பெறுபவர் பற்று என்பதைப் புரிந்துகொண்ட ஒருத்தர்.

நீங்கள் கேட்கலாம்: “எல்லாத்தையும் எதுக்கய்யா காப்பாத்தணும்? மறதியும் இயற்கைதானே?” சரிதான். ஆயிரம் பாட்டில் தொள்ளாயிரம் மறந்துபோகத்தான் செய்யும். மறக்காமல் இருந்தால் புதிய பாட்டுக்கு இடம் ஏது? ஊரே கேட்டு, ஊரே அலுத்து, ஊரே மறந்தால் அது இயற்கை. ஆனால் கேட்க ஒரு ஆள் திண்ணையில் காத்திருக்கும்போது, விலை குறையும் என்று நான் பூட்டி வைப்பது மறதி ஆகாது. அதற்கு வேறு பெயர். அரிசியில் செய்தால் பதுக்கல் என்கிறோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அரிதான பொருள் என்று சொல்கிறோமே, அந்த அரிது என்பது எங்கே இருக்கிறது? தட்டில் இல்லை. தட்டில் இருப்பது பாட்டு. அரிது என்பது மற்றவர்களிடம் இல்லாததில் இருக்கிறது. பாட்டை ரசிக்க அடுத்தவனிடம் அது இல்லாமல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரிதை ரசிக்க அது கட்டாயம் வேண்டும். நான் எதை ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதை அந்த அஞ்சு செகண்ட் எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது.

*

தட்டு என்ன ஆச்சு?

நண்பர் மூலமாகவே சென்னையில் ஒருவரிடம் கொடுத்து, தேயாத மெல்லிய ஊசியில் ஒரு தடவை ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஆமாம், காப்பி எடுக்க விடாதே என்றவர்தான் அழைத்துக்கொண்டு போனார். மனுஷர்கள் பேசுகிற மாதிரியே நடந்துகொள்வதில்லை, நல்ல வேளையாக. நான் போட்ட ஐந்து தடவையில் பாட்டு கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. ஆர்மோனியம் மட்டும் கெட்டி.

பேரனுக்கு பென் டிரைவில் கொடுத்தேன். இப்போது அது அவர்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தட்டையும் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார்கள்; “எங்ககிட்ட இருந்தா மறுபடியும் எடைக்குத்தான் போகும், நீங்களே வெச்சிருங்க” என்று மருமகள் சிரித்தார். அந்த அம்மா இப்போது இல்லை. தட்டு நண்பரின் அலமாரியில் நிற்கிறது. கேட்டு வருகிறவர்களுக்கு அவரே காப்பி கொடுக்கிறார். 8,000 ரூபாய் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

உறையின் மேல், பாடியவர் பெயருக்குக் கீழே, ‘ஆர்மோனியம்’ என்று போட்டு அந்த மனுஷன் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரை இங்கேயும் எழுத ஆசைதான். “உறையில இருந்தாப் போதுங்க” என்று பேரன் சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டு இருக்க வேண்டும் என்றில்லை. பழைய கேசட் இருக்கலாம். அப்பாவின் போனில் அவர் பேசி அனுப்பிய பதிவு இருக்கலாம். எடைக்குப் போடும் முன்பு, போனை மாற்றும் முன்பு, அதில் யாரெல்லாம் பேசுகிறார்கள், பின்னால் யார் சிரிக்கிறார்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேட்க விரும்புகிறவர் யாராவது இருந்தால், போய்ப் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்த வாரம் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை.